பால்பல்லில் சூத்தை விழாமல் காப்பது எப்படி?

மேல் முன்பற்கள் நாலும் கறுத்து உடைந்து, ஈறோடு ஒட்டிய கட்டைகளாக நிற்கும் இரண்டரை வயதுப் பிள்ளைகளை நம் திருகோணமலை மாவட்ட முன்பள்ளிகளில் காண்பது அரிதல்ல. "பூச்சி அரிச்சுப் போட்டுது" என்கிறோம். "பால்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்று ஆறுதலும் சொல்லிக்கொள்கிறோம். பல்லை அரிக்கிற பூச்சி என்று ஒன்று இல்லை. விழுந்து முளைப்பதும் உடனே நடக்கிற காரியமல்ல. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில்தான் ஆடத் தொடங்கும். பின்னால் இருக்கும் பால்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. இரண்டரை வயதில் கடைவாய்ப் பல் சூத்தையானால், அந்தப் பிள்ளை ஏழெட்டு வருசம் அதோடுதான் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். நேரத்துக்கு முன்பே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, கீழிருந்து வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமல் போய்விடும்.

இதைத் தடுக்கலாம். ஒரு சின்னப் பிரஷ், புளோரைட்டு (பல் கரையாமல் காக்கும் தாது) உள்ள ஒரு பற்பசை, இரவில் சில நிமிடம், இவ்வளவும் போதும். ஆனால் அந்தச் சில நிமிடம் எப்போது வருகிறது என்பதில்தான் காரியம் இருக்கிறது. நித்திரைக்குப் போகும் பிள்ளையின் பல்லில் கடைசியாகப் பட்டது பாலா, பற்பசையா? இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் வீட்டில் செய்ய முடியும் என்றால், பற்பசை கடைசியாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை அதற்குப் பிறகு.

இரவில் வாய்க்குள் நடப்பது

எல்லார் வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. சீனி கிடைத்தால் அவை அதை அமிலமாக மாற்றும். அமிலம் கூடக் கூட பி.எச். என்ற அளவு குறையும். பல்லின் மேல் அது 5.5க்குக் கீழே இறங்கினால், மேலோடான எனாமலில் இருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரைந்து வெளியேறத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, கரைந்ததில் ஒரு பங்கைத் திரும்பப் படியவைக்கும். ஒரு தடவை இனிப்புப் பட்டால் வாய் பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். கரைவதும் திரும்பப் படிவதும் நாள் முழுக்க நடக்கிற இழுபறி. கரைவது கூடினால் சூத்தை.

பகலில் உமிழ்நீர் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. நித்திரையில் அது மிகவும் குறைந்துவிடும். விழுங்குவதும் குறையும். அந்த நேரம் வாயில் தேங்கிய பால் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதோடு பால்பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதித் தடிப்புத்தான். பெரியவருக்கு வருசக் கணக்கில் போகும் சேதம் குழந்தைக்குச் சில மாதங்களில் நடந்துவிடும்.

போத்தலோடு தூங்கும் பிள்ளையின் வாயைப் பார்த்தாலே காரணம் விளங்கும். சூப்பி நாக்கின் மேல் படுத்திருக்கும். நாக்கு முன்னால் வந்து கீழ் முன்பற்களை மூடிக்கொள்ளும். கீழே உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பக்கத்திலேயே இருப்பதால் கீழ்ப்பற்கள் தப்பிவிடும். மேல் முன்பற்கள்தான் பாலில் ஊறும். மேலே நாலும் கறுத்து, கீழே நாலும் வெள்ளையாக இருந்தால், அது இரவுப் போத்தல் செய்த வேலை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

தாய்ப்பாலைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூத்தைக்குப் பயந்து பால்குடியை மறக்கடிக்கிற வீடுகளும் உண்டு. அது தேவையில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு வயதுக்குப் பிறகு, பகலில் சீனிச் சாமான்களும் தின்று, பல்லும் தீட்டாமல், இரவு முழுக்க நினைத்த நேரமெல்லாம் முலைக்காம்பை வாயில் வைத்தபடி தூங்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்துக் கூடுகிறது. நித்திரைக்கு முன் பல்லைத் தீட்டிவிடுங்கள், பகலில் சீனியைக் குறையுங்கள், பிள்ளை தூங்கியதும் மெல்ல மார்பில் இருந்து எடுத்துவிடுங்கள்.

இரவுப் போத்தலை நிறுத்தும் படிகள்

ஒரேயடியாகப் பறித்தால் மூன்று இரவு வீடே தூங்காது. நாலாவது இரவு அம்மம்மா இரங்கி மாப்பாலைக் கரைத்துக் கொடுத்துவிடுவார். அதோடு முயற்சி முடிந்துவிடும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படிப்படியாகப் போவதே நிலைக்கும்.

முதலில் சீனி. பாலுக்கு ஒரு தேக்கரண்டி சீனி போடுகிற வழக்கம் இருந்தால், இரண்டு மூன்று நாளுக்கு முக்கால் கரண்டி, பிறகு அரை, பிறகு கால், பிறகு ஒன்றுமில்லை. பத்து நாளில் பிள்ளையின் நாக்குப் பழகிவிடும். சீனிக்குப் பதிலாகத் தேன், பனங்கட்டி, கற்கண்டு போட்டால் பல்லுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. கிருமிக்கு எல்லாம் ஒன்றுதான். தேன் ஒரு வயதுக்கு முன் வேறு காரணத்துக்காகவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து சிறு குழந்தையின் குடலில் பெருகி நரம்பைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

அடுத்தது பாலின் நேரம். இராச்சாப்பாடு, சாப்பாட்டோடு அல்லது அது முடிந்த கையோடு குவளையில் பால், பிறகு பல் தீட்டுதல், பிறகு கதையோ தாலாட்டோ, பிறகு நித்திரை. இந்த ஒழுங்கு இரண்டு கிழமை மாறாமல் நடந்தால் பிள்ளையே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வரும்.

நடு இரவில் எழுந்து போத்தல் கேட்கும் பிள்ளைக்குப் பாலை ஐதாக்கிக்கொண்டே போங்கள். 180 மி.லீ. குடிக்கிற பிள்ளைக்கு முதல் மூன்று இரவு 135 பால், 45 தண்ணீர். அடுத்த மூன்று இரவு பாதிக்குப் பாதி. அடுத்த மூன்று இரவு 45 பால், 135 தண்ணீர். பத்தாம் இரவில் இருந்து கொதித்தாறிய தண்ணீர் மட்டும். தண்ணீருக்காக எழும்புவதை அனேகமான பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடும். இந்தக் கணக்கு ஒரு வயது தாண்டி, மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு மட்டும். ஒரு வயதுக்குக் கீழே மாப்பாலை ஐதாக்கக் கூடாது. நிறை குறைவான பிள்ளையென்றால் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போத்தலுக்குப் பதில் வாய் திறந்த சின்ன எவர்சில்வர் குவளையைப் பழக்குங்கள். ஆறு மாதத்தில் சாப்பாடு தொடங்கும்போதே குவளையில் ஓரிரு மிடறு தண்ணீர் கொடுக்கத் தொடங்கலாம். ஒரு வயதில் போத்தலை அலுமாரிக்கு அனுப்பிவிடலாம். சூப்பியை மட்டும் வாயில் வைத்துப் பழகிய பிள்ளைக்கு அதைத் தேனிலோ சீனியிலோ தோய்த்துக் கொடுக்கவே வேண்டாம். பல்லுக்கு அதைவிடக் கேடான பழக்கம் சொல்வது கடினம்.

பல்லுக்கொழுக்கட்டை நாளில் தொடங்குங்கள்

முதற்பல் பெரும்பாலும் ஆறு மாதம் அளவில் கீழே முன்னால் வரும். நாலு மாதத்தில் வந்தாலும், பத்து மாதத்தில் வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. அதன் பிறகு மேல் முன்பற்கள், ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் முதற்கடைவாய்ப் பற்கள், பிறகு கோரைப்பற்கள், இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் கடைசிக் கடைவாய்ப் பற்கள் என்று மூன்று வயதளவில் இருபது பல்லும் நிறைந்துவிடும்.

பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுகிற வீடுகளில், பிள்ளைக்கு முன்னால் பரப்புகிற புத்தகம், பேனை, நகைகளோடு ஒரு குழந்தைப் பிரஷ்ஷையும் வையுங்கள். அந்த இரவே தீட்டத் தொடங்குங்கள். ஒரு பல்தானே என்று விடுவதில்தான் சறுக்கல் தொடங்குகிறது. முதற்பல்லோடு பழகிய குழந்தை பிரஷ்ஷைச் சோறு, குளிப்பு போல ஏற்றுக்கொள்ளும். ஒன்றரை வயதில் தொடங்கினால் அது போர்.

பல் வருவதற்கு முன்னர் ஈறைச் சுத்தமான ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிடலாம். கட்டாயமில்லை. விரல் வாய்க்குள் போவது பிள்ளைக்குப் பழகும் என்பதுதான் அதில் உள்ள நன்மை.

பிரஷ்ஷும் பற்பசையும்

பிரஷ்ஷின் தலை பிள்ளையின் இரண்டு கடைவாய்ப் பல்லை மூடும் நீளம் இருந்தால் போதும், ஒன்றரை சென்ரிமீற்றர் அளவு. தும்பு மிருதுவானதாக இருக்க வேண்டும். தும்பு வெளியே விரிந்துவிட்டால் மாற்றுங்கள். கடிக்கிற பிள்ளை ஒரு மாதத்தில் விரித்துவிடும், மற்றப்படி மூன்று மாதம். கையில் பிடித்து விளையாடிக் கடிக்க ஒன்று, நீங்கள் தீட்டிவிட ஒன்று என்று இரண்டு வாங்கினால் உங்கள் பிரஷ் நெடுநாள் நிற்கும்.

பற்பசையில் நிறத்தையோ பழவாசத்தையோ பார்க்காமல் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ள புளோரைட்டு அளவைப் பாருங்கள். குறைந்தது 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) இருக்க வேண்டும். குழந்தைகளுக்கென்று விற்கும் சில பசைகளில் 500தான் இருக்கும், சிலவற்றில் புளோரைட்டே இராது. சூத்தையைத் தடுப்பதில் அவை பலமற்றவை. பெரியவர்களின் பசையையே குழந்தைக்குப் பாவிக்கலாமா என்றால், உறைப்பைப் பிள்ளை தாங்குமானால் பாவிக்கலாம். அளவில்தான் கவனம் வேண்டும்.

மூன்று வயதுவரை ஓர் அரிசி மணி அளவு. விளம்பரங்களில் காட்டுவது போல் பிரஷ்ஷின் தலை முழுக்கச் சுருள் சுருளாகப் பிதுக்கக் கூடாது. ஓர் அரிசி மணி ஏறக்குறைய 0.1 கிராம், அதில் இருப்பது 0.1 மில்லிகிராம் புளோரைட்டு. அத்தனையையும் விழுங்கினாலும் பிள்ளைக்குக் கெடுதியில்லை. மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு, 0.25 கிராம். பசையைத் தும்பின் மேல் குவித்து வைக்காமல் விரலால் தும்புக்குள் அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை முதல் வேலையாக அதை நக்கி விழுங்கிவிடும்.

குழாயைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 1000 பி.பி.எம். உள்ள 100 கிராம் குழாயில் 100 மில்லிகிராம் புளோரைட்டு இருக்கிறது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் உள்ளே போனால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. 10 கிலோப் பிள்ளைக்கு அது அரைக் குழாய். பழவாசம் உள்ள பசையைப் பிள்ளை ரொபி போலத் தின்றுவிடக்கூடும். தின்றுவிட்டால் பால் குடிக்கக் கொடுத்து, குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

உமிக்கரி, சாம்பல், உப்புத்தூள், கரிப்பொடி எதுவும் குழந்தைப் பல்லுக்கு வேண்டாம். பருக்கையான தூள் மெல்லிய எனாமலைத் தேய்க்கும், புளோரைட்டும் அதில் இல்லை. வேப்பங்குச்சியும் மிஸ்வாக் குச்சியும் பெரியவர் கைக்கு உரியவை. இரண்டு வயதுப் பிள்ளையின் ஈறை அவை கிழிக்கும்.

தீட்டிவிடும் முறை

காலையில் ஒரு முறை, இரவு நித்திரைக்கு முன் ஒரு முறை. இரவுத் தீட்டல் தவறவே கூடாது. காலையில் அவசரத்தில் சரியாக அமையாத நாளும் வரும், அதற்காக மனம் உடைய வேண்டாம்.

குளியலறையில் நின்றுகொண்டு தீட்ட முயன்றால் பிள்ளையின் மேற்பற்கள் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாயிலோ கட்டிலிலோ இருங்கள். பிள்ளையின் தலை உங்கள் மடியில், கால்கள் உங்களுக்கு எதிர்ப்பக்கமாக, முகம் மேல்நோக்கி இருக்கட்டும். வெளிச்சம் மேலிருந்து வாய்க்குள் விழ வேண்டும். கைபேசி வெளிச்சத்தைத் தகப்பனாரைப் பிடிக்கச் சொல்லலாம். திமிறுகிற பிள்ளைக்கு இருவர் முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்து, ஒருவர் மடியில் உடம்பும் மற்றவர் மடியில் தலையுமாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கையைப் பிடிப்பார், மற்றவர் தீட்டுவார்.

இனி வாய்க்குள். இடது கைச் சுட்டுவிரலால் மேல் உதட்டைத் தூக்குங்கள். உதட்டின் நடுவில் இருந்து ஈறுக்கு ஒரு மெல்லிய தோல் நரம்புபோல் இறங்குவதைக் காண்பீர்கள். பிரஷ் இதில் பட்டால் சுரீரென்று வலிக்கும். "எங்கட பிள்ளை முன்பல்லில பிரஷ் வைக்கவே விடாது" என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். சுட்டுவிரலை அந்தத் தோலின் மேல் கிடையாக வைத்து மறைத்துவிட்டு, விரலுக்குக் கீழே பிரஷ்ஷை ஓட்டுங்கள். அழுகை பாதியாகக் குறையும்.

தும்பு பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக அசையுங்கள். அழுத்தத் தேவையில்லை. எழுதுகோலைப் பிடிப்பது போலப் பிரஷ்ஷைப் பிடித்தால் பலம் தானாகக் குறையும். சூத்தை தொடங்குவது பல்லின் நுனியில் அல்ல, ஈறோரத்தில். ஆகவே ஈறோரத்தைத் தொடாமல் நுனியை மட்டும் தேய்ப்பதில் பயனில்லை. மேல் முன்பற்களில் தொடங்குங்கள். பொறுமை தீர்ந்து பிள்ளை வாயை மூடினாலும் முக்கியமான இடம் முடிந்திருக்கும். பிறகு மேல் கடைவாய், வெளிப்பக்கமும் உட்பக்கமும். பிறகு கீழே. கடைவாய்ப் பற்களின் மேல்தளத்தில் உள்ள குழிகளுக்குள் தும்பு இறங்கும்படி முன்னும் பின்னும் இழுங்கள். பிஸ்கற் மா ஒளிந்திருப்பது அங்கேதான். இருபது பல்லுக்கும் இரண்டு நிமிடம். மனதுக்குள் ஒரு பாட்டைப் பாடி முடித்தால் நேரம் சரியாகப் போகும்.

நுரையைத் துப்பத் தெரிந்தால் துப்பட்டும். தெரியாத வயதில் ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிடுங்கள். தண்ணீர் விட்டு வாய் கொப்பளிக்க வைக்காதீர்கள். பல்லில் ஒட்டியிருக்கும் கொஞ்சப் புளோரைட்டுத்தான் இரவு முழுக்க வேலை செய்யப்போவது. பசியோ தாகமோ என்றால் அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

பற்கள் நெருங்கி ஒன்றையொன்று தொடத் தொடங்கியதும் இடுக்கில் பிரஷ் போகாது. முக்கியமாகக் கடைவாய்ப் பற்களுக்கு இடையில், மூன்று வயதை அண்டி. அங்கே பல்லிடுக்கு நூலை இழுத்துவிடலாம். கிடைக்காவிட்டால் தவிக்க வேண்டாம், ஒட்டும் தின்பண்டங்களைக் குறைப்பதே அந்த இடத்துக்குப் பெரிய காவல்.

எத்தனை வயதுவரை நீங்கள் தீட்ட வேண்டும்? தன் சப்பாத்து நாடாவைத் தானே ஒழுங்காகக் கட்டத் தெரியும் வயதுவரை, அதாவது ஏழு, எட்டு வயது. அதற்கு முன் பிள்ளை தானாகத் தீட்டட்டும், பிறகு நீங்கள் ஒரு தடவை.

எத்தனை தடவை இனிப்பு என்பதே கணக்கு

ஒரு நாளில் எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பது பல்லுக்கு முக்கியம். நாலு ரொபியைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே தடவையில் தின்றால் ஒரு அமிலத் தாக்கு. அதே நாலை மணிக்கு ஒன்றாகத் தின்றால் நாலு தாக்கு, உமிழ்நீருக்கு மூச்சு விடவும் நேரமில்லை. மேரி பிஸ்கற்றைக் கையில் கொடுத்து முற்றத்தில் விளையாட விடுவதும் இப்படித்தான். பிஸ்கற் இனிப்பாகத் தெரியாது, ஆனால் அந்த மா கடைவாய்க் குழியில் அப்பிக்கொண்டு நெடுநேரம் கிடக்கும்.

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, மற்ற நேரம் தண்ணீர் மட்டும். இந்த ஐந்து தடவைக்கு மேல் வாய்க்குள் எதுவும் போகாவிட்டால் வாய்க்கு ஆற நேரம் கிடைக்கும். சிற்றுண்டிக்கு அவித்த முட்டை, அவித்த கடலையை மசித்தது, வாழைப்பழம், பப்பாசி, தோசைத் துண்டு, சீனி போடாத தயிர் எல்லாம் நல்லவை. கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிர் நம் கைக்கெட்டும் அருமையான உணவு. பாணி ஊற்றாமல், பிசைந்த வாழைப்பழத்தோடு கொடுத்துப் பழக்குங்கள். கிளினிக்கில் தரும் திரிபோசாச் சத்துமாவை உருண்டையாகப் பிடிக்கும்போது சீனி சேர்ப்பதைப் படிப்படியாகக் குறைத்து, தேங்காய்ப்பூவால் சுவையைக் கூட்டலாம். பால் தேத்தண்ணி, பிளேன்டி குழந்தைக்கு வேண்டாம். சீனி ஒரு பக்கம், தேயிலை சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு ஏற்பதையும் தடுக்கும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாகம் தீராது. அந்த நாட்களில்தான் சர்பத்தும், பெட்டியில் அடைத்த பழச்சாறும், ஐஸ்பழமும் கையில் ஏறும். போத்தலில் தண்ணீரை ஊற்றிப் போகும் இடமெல்லாம் கொண்டு போங்கள். மென்பானங்களின் மேல் 2016 முதல் நம் நாட்டில் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மி.லீ. இல் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. சிவப்பு இல்லையே என்று செம்மஞ்சளை நம்பிவிட வேண்டாம். சிவப்பை ஒட்டியதும் அதற்குள்தான் வரும், பல்லுக்கு அதுவும் சீனித் தண்ணீர்தான்.

கோயில் பிரசாதம், நோன்புப் பெருநாள் வட்டிலப்பம், பிறந்தநாள் கேக் எதையும் பிள்ளைக்கு மறுக்க வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், மேலே தண்ணீர் கொடுங்கள், இரவில் வழக்கம்போல் தீட்டுங்கள். மாலையில் டச்பே கடற்கரைக்குப் போனால் ஐஸ்கிறீமைத் தெரிவுசெய்யுங்கள், பஞ்சுமிட்டாயும் ரொபியும் பையில் போட்டு வீட்டுக்கு வர வேண்டாம். ஒரு தடவையில் தின்று முடிகிற இனிப்பு, நாள் முழுக்கப் பையில் இருக்கும் இனிப்பைவிட மேல்.

இந்த ஒழுங்கு குலைவது பெரும்பாலும் அன்பினால். அம்மம்மா, உம்மம்மா, பெரியப்பா, கடை அண்ணா என்று ஆளுக்கு ஒரு ரொபி. அவர்களோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கி அவர்களுக்கும் காட்டுங்கள், எந்த நேரத்தில் தரலாம் என்று ஒரு நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

மருந்தும் தண்ணீரும்

பாணி மருந்துகள் பலவற்றில் சீனி உண்டு. இரவில் தூங்கும் பிள்ளையின் வாயில் ஊற்றினால் அது அப்படியே பல்லில் கிடக்கும். நீண்ட நாள் மருந்து என்றால் சீனியில்லாத வகை உண்டா என்று கேளுங்கள். முடிந்தவரை சாப்பாட்டு நேரத்தில் கொடுத்து, பிறகு தண்ணீர் கொடுங்கள். இரும்புச் சத்துப் பாணி குடிக்கும் பிள்ளையின் பல்லில் கறுப்புப் படிவு வரலாம். அது சூத்தை அல்ல, பல் உடையவும் மாட்டாது, பற்சிகிச்சையாளர் தேய்த்து எடுத்துவிடுவார். மருந்தை நிறுத்தாதீர்கள்.

வறண்ட வலயத்தின் சில பகுதிகளில், முக்கியமாக அநுராதபுரம், பொலநறுவைப் பக்கம், நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகம். நம் மாவட்டத்திலும் உட்பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகள் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. கூடுதலாக இருந்தால் நிரந்தரப் பற்களில் வெள்ளைக் கோடும் பழுப்புத் திட்டும் வரும். கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். குழந்தைக்கு வேறு குடிநீர் தேடுங்கள், பற்பசையை அரிசி மணியோடு நிறுத்துங்கள்.

மாதம் ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், வாசலில், பிள்ளையை மடியில் கிடத்தி மேல் உதட்டைத் தூக்குங்கள். முன்பற்களைச் சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரமாக இருக்கையில் தெரியாதது காய்ந்ததும் தெரியும். ஈறை ஒட்டி, பல்லின் மினுக்கம் இல்லாமல், சுண்ணாம்பு பூசியது போல் மங்கலான வெள்ளைக் கோடு இருக்கிறதா? அதுதான் சூத்தையின் முதல் நிலை. பலர் இதைப் பால் படிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தேய்த்துப் பாருங்கள், போனால் அழுக்கு, போகாவிட்டால் கரைவு. இந்த நிலையில் துளை இல்லை, திரும்பச் சரியாக்க முடியும். துளை விழுந்த பிறகு பல் தானாக ஆறாது.

வெள்ளைக் கோடு கண்டால் அந்த மாதத்திலேயே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். புளோரைட்டு வார்னிஷ் பூசுவார்கள். பல்லைத் துடைத்து மேலாகப் பூசும் பிசின் போன்ற மருந்து, ஊசியும் இல்லை, வலியும் இல்லை, ஓரிரு நிமிட வேலை. அன்று பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். அன்று மிருதுவான சாப்பாடு, அன்றிரவு பிரஷ் வேண்டாம், அடுத்த நாள் காலையில் வழக்கம்போல். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும்.

பழுப்பாகிக் குழி விழுந்திருந்தால் அடைக்கலாம். சில இடங்களில் வெள்ளி கலந்த புளோரைட்டுத் திரவத்தைப் பூசிச் சூத்தையை அந்த இடத்தோடு நிறுத்துவார்கள். பூசிய இடம் நிரந்தரமாகக் கறுக்கும், ஆனால் வலியின்றிப் பல்லைக் காப்பாற்றும். கறுப்பைப் பார்த்துப் பயந்து மறுக்க வேண்டாம்.

வலிக்கும் பல்லில் கராம்புத் தைலத்தை ஊற்றினால் பிள்ளையின் ஈறும் நாக்கும் வெந்துவிடும். அஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது. பரசிற்றமோலை நிறைக்கு ஏற்ற அளவில் கொடுத்து, விடிந்ததும் காட்டுங்கள். கண்டங்கத்தரிப் புகை பிடித்துப் பூச்சி எடுப்பதில் நாளைக் கடத்த வேண்டாம். கன்னமோ கண்ணுக்குக் கீழேயோ வீங்கி, காய்ச்சலும் இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே வைத்தியசாலை. விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை எடுங்கள், அது இலவசம்.

எங்கே காட்டுவது

வலி வரும்வரை காத்திருந்து முதல் தடவை கூட்டிப்போனால், பிள்ளைக்குப் பல் வைத்தியர் என்றாலே வலி என்று பதிந்துவிடும். ஒரு வயது நிறைவதற்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள். திருகோணமலை நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களில் தள வைத்தியசாலைகள் உண்டு. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. மாதாமாதம் நிறை பார்க்கப் போகும் கிளினிக்கில் மிட்வைஃபிடமும் உதட்டைத் தூக்கிக் காட்டுங்கள். எங்கே, என்றைக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லுவார். அடுத்த பிள்ளையைச் சுமக்கும் அம்மாவும் தன் பல்லை அப்போதே காட்டிச் சூத்தையை அடைத்துக்கொள்வது நல்லது. அம்மாவின் வாயில் உள்ள கிருமிகள் ஒரே கரண்டியில் ஊட்டும்போது பிள்ளையின் வாய்க்கும் போகும்.

காலையில் நேரத்தோடு போய் இலக்கம் எடுங்கள். பிள்ளை தூங்கி எழும்பிச் சாப்பிட்டிருக்கும் நேரம் அது, அழுகை குறைவு. கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள், வீட்டில் பாவிக்கும் பற்பசைக் குழாய் மூன்றையும் கொண்டு போங்கள். "ஊசி போடுவினம்" என்று வழியில் வெருட்ட வேண்டாம், "நோகாது" என்று சத்தியமும் பண்ண வேண்டாம். "பல்லை எண்ணிப் பார்க்கப் போறம்" என்று சொல்லுங்கள். வார்னிஷ் பூசியிருந்தால் அடுத்த தடவைக்கான திகதியை வெளியே வரும்போதே கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.